கமிட்டிக்கு ஒரு இளவட்டம்

தாராவியில எங்க கட்சி ஆபீசுன்னா தகரக் கூரை போட்ட ஒரே அறை. உள்ளே அஞ்சு இரும்பு நாற்காலி, அதுல உக்கார அஞ்சு பேரு. நான் தாவணி போட்ட நாள்லேருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகள்ல பாதி தாண்டுற வரைக்கும் அதே அஞ்சு பேருதான். அம்பதுக்குக் குறைஞ்ச வயசு ஒருத்தருக்கும் கிடையாது. ஒருத்தருக்குக் கண்ணு சரியாத் தெரியாது, இன்னொருத்தரு கூட்டம் ஆரம்பிச்சதும் தூங்கிப்போவாரு. ஆனாலும் கமிட்டின்னா அவங்கதான். தலைவரு தோல் கிடங்கு வச்சிருந்தவரு, எங்க திருநெல்வேலிப் பக்கத்துக்காரரு. எல்லாரும் அண்ணாச்சின்னு கூப்பிடுவாங்க, நானும் அப்படித்தான். இப்பவும் வாயில அதுதான் வருது, பழக்கதோஷம்.

போஸ்டர் ஒட்டுறது, கொடி கட்டுறது, பெஞ்சு தூக்குறது, மேடைக்கு டீ கொண்டுபோறது எல்லாம் இளவட்டங்க வேலை. அதுல என் தம்பியும் ஒருத்தன். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான். நான் முறுக்குச் சுட்டு மாட்டுங்கா கடைகளுக்குப் போடுவேன். அவன் மில்லுல பத்லி. அதாவது தினமும் காலையில மில்லு கேட்டுல போய் நிக்கணும், நிரந்தர ஆளு எவனாவது வரலைன்னா அந்த இடத்துல அன்னைக்கு மட்டும் வேலை. விடாம போய் நின்னாத்தான் ஒரு காலத்துல நிரந்தரமாவான். அடுத்த வருஷம் ஆயிரும்னு மேஸ்திரி அவன்கிட்ட சொல்லியிருந்தாரு.

ஒரு நாள் இளவட்டங்க எல்லாம் கூடி, அவனை முன்னால தள்ளிவிட்டுப் பேசச் சொன்னாங்க. இங்கே கட்சிக்காரங்கள்ல பாதிக்கு மேல எங்க வயசு, கமிட்டியில எங்களுக்கு ஒரே ஒரு இடம் குடுங்கன்னு கேட்டான். கேட்டதுல என்ன தப்பு? குழாயடியில நடக்கிற அடிதடியை, வேலை தேடித் தேடிச் செருப்பு தேயுற பையன்களை, அந்தக் கிழடுக பேசுமா? அண்ணாச்சி கோபப்படலை, சிரிச்சாரு.

"ஏல, ஜெயிலுக்குப் போகாதவன் கமிட்டியில உக்கார முடியாது. நாங்கள்லாம் போயிட்டு வந்தவங்க."

அது நெசம்தான். ஊர்ல எங்க கட்சியில அதுதான் வழக்கம். போராட்டம்னு உள்ளே போயிட்டு வந்தவனுக்கு ஜெயில் வாசல்லயே மாலை, மேடையில இடம், பேருக்கு முன்னால ஒரு பட்டம். அண்ணாச்சி சின்ன வயசுல ஊர்ல கொஞ்ச நாள் உள்ளே இருந்தவரு. அங்கே தின்ன களியைக் கூட்டத்துக்குக் கூட்டம் எங்களுக்கும் ஊட்டுவாரு. ஆனா அது ஊரு. பம்பாயில உள்ளே போயிட்டு வந்தவனைப் போலீஸ் ஹவல்தாருக்கு அடையாளம் தெரியும், வேற ஒருத்தனுக்கும் தெரியாது. இது ஏன் எங்களுக்கு உறைக்கலை? அப்பா காலத்துலேருந்து இங்கேயே கிடந்தும் ஊருக் கணக்கையே போட்டுக்கிட்டு இருந்தோம்.

அந்தச் சமயம் டில்லியிலேருந்து ஒரு மந்திரி மாட்டுங்காவுக்கு வந்தாரு. கறுப்புக்கொடி காட்டணும்னு கமிட்டி முடிவு பண்ணிச்சு. கொடி பிடிச்சது இளவட்டங்க. கமிட்டி எதிர்ல இருந்த காப்பிக்கடையில உக்காந்து பாத்துக்கிட்டிருந்துச்சு, கூட அண்ணாச்சி மகன். அவன் காலேஜ் படிக்கிறவன், போட்ட சட்டை கசங்காது. போலீஸ் லத்தியோட இறங்கினதும் கடைக்காரரு கதவை இழுத்துச் சாத்திட்டாரு, கமிட்டி பத்திரமா உள்ளே. வெளியில என் தம்பிக்கு மணிக்கட்டுல ஒரு அடி. வீங்கின கையோட அவனையும் மத்த பையன்களையும் வேனுல ஏத்திட்டுப் போயிட்டாங்க.

கோர்ட்டுல அபராதம் கட்டு, இல்லைன்னா ரெண்டு மாசம் உள்ளே இருன்னு சொன்னாங்க. கட்டுறதுக்குத் தயாராத்தான் நான் போயிருந்தேன். மத்த பையன்களை அவங்கவங்க வீட்டுல கட்டிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அண்ணாச்சி எங்க ரெண்டு பேரையும் பாத்து, அபராதம் கட்டினா தியாகத்துல சேராது, பொறவு கமிட்டி இடத்தைப் பத்திப் பேசப்படாதுன்னுட்டாரு. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். மில்லு என்ன ஆகும்லன்னு அவன்கிட்ட மன்றாடினேன்.

"அக்கா, ரெண்டே மாசம். பொறவு நம்ம வயசுக்காரனுக்குப் பேச ஒரு இடம் இருக்கும்லா?"

மூஞ்சியைப் பாத்தா கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான், பாவிப்பய.

பத்லி அத்தனை நாள் கேட்டுல நிக்கலைன்னா பேரை அடிச்சுருவாங்க. அடிச்சுட்டாங்க. நான் மேஸ்திரிகிட்ட போய்க் கெஞ்சினேன். திருட்டுக் கேஸா, சாராயக் கேஸான்னு கேட்டாரு. அதெல்லாம் இல்லை, அரசியல்னு கொஞ்சம் பெருமையாவே சொன்னேன். அதுக்குத் திருடனே தேவலைன்னுட்டு அவரு உள்ளே போயிட்டாரு.

அவனை விட்ட அன்னைக்கு ஜெயில் வாசல்ல நான் ஒருத்திதான். கொடி இல்லை, கோஷம் இல்லை, கட்சிக்காரன்னு ஒரு ஈ காக்கா இல்லை. அவன் வெளியே வந்ததும் என்னைத் தாண்டி எட்டி எட்டிப் பாத்தான். பஸ்சு கிடைச்சிருக்காது, வந்துருவாவன்னான். வெயில் உச்சிக்கு ஏறுற வரைக்கும் நின்னோம். மில்லு போன சேதியை அங்கே வச்சுத்தான் சொன்னேன். அவன் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னான்.

அடுத்த வாரமே ஆபீசு வாசல்ல மேடை போட்டுக் கிளைத் தேர்தல். தேர்தல்னா ஓட்டெல்லாம் கிடையாது, அண்ணாச்சி பேரைச் சொல்லுவாரு, எல்லாரும் கைதட்டணும். தம்பி சலவைச் சட்டை போட்டுக்கிட்டு முன்னால உக்காந்தான். நான் பொம்பளைங்க பக்கம். அண்ணாச்சி பழைய அஞ்சு பேரையும் சொல்லிட்டு, இந்தத் தடவை இளைஞர்களுக்குன்னே புதுசா ஒரு இடம் ஒதுக்கியிருக்கோம்னாரு. நான் கைதட்டக் கையைத் தூக்கிட்டேன். அவரு சொன்னது தன் மகன் பேரை.

யாரும் கைதட்டலை. இளவட்டங்க எல்லாம் என் தம்பியைப் பாத்தாங்க. ஒருத்தன் எந்திரிச்சு, உங்க மகன் எந்த ஜெயிலுக்குப் போனாருன்னு கேட்டேவிட்டான். அண்ணாச்சி அசரலை. போலீஸ் கேஸ் உள்ளவனைக் கமிட்டியில வச்சா ஆபீசைப் பூட்டிருவாங்க, இது பம்பாய்லா, நம்ம ஊரு இல்லைன்னாரு. அவருக்கே அது அன்னைக்குத்தான் தெரிஞ்சுதாம், கேட்டியளா.

பிறகு என் தம்பியை மேடைக்குக் கூப்பிட்டு, தோள்ல கையைப் போட்டுக்கிட்டு மைக்குல பேசினாரு.

"கமிட்டியில உக்கார எவன் வேணாலும் கிடைப்பான். உள்ளே போக இவனை மாதிரி ஒருத்தன் கிடைப்பானா? தை மாசம் அடுத்த போராட்டம். இவன்தான் முதல் ஆளு."

கூட்டம் தகரக் கூரை அதிரக் கைதட்டுச்சு. கேள்வி கேட்ட பையனும் சேந்துதான் தட்டினான். என் தம்பி அந்தக் கையை உதறிட்டு இறங்கி வருவான், இல்லை, காறித் துப்பவாவது செய்வான்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அவன் கூட்டத்தைப் பாத்துக் கும்பிட்டான். அத்தனை பேரு தனக்காகக் கைதட்டி அவன் பிறந்ததுலேருந்து பாத்ததில்லை. அப்புறம் குனிஞ்சு அண்ணாச்சி காதுல என்னமோ கேட்டான்.

வீட்டுக்கு வர்ற வழியில அவன் சட்டையைப் பிடிச்சு உலுக்கினேன், அந்த ஆளுகிட்ட என்னல கேட்டேன்னு.

"தை மாசம் எந்தத் தேதின்னு கேட்டேன்க்கா. இப்போ மில்லு கேட்டுல போய் நிக்கிற தொல்லையும் இல்லைலா."

சந்தோஷமாத்தான் சொன்னான்.