அம்மாவின் நீல ஃபைலும் தீம் பார்க் ஹோட்டலும்

போன வாரம் ஹாரோவிலிருந்து அண்ணி போன் எடுத்தார். பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்களாம். பார்க்குக்குள்ளேயே ஒரு ஹோட்டல் இருக்கிறது. அதில் ஓர் இரவு தங்குவது பிரயோசனமா, இல்லையென்றால் காலையில் காரில் போய் இரவே திரும்பிவிடலாமா என்று கேட்டார். இந்த மாதிரிக் கேள்விகளோடு எங்கள் குடும்பத்தில் என்னிடம்தான் வருவார்கள். நான் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு தோட்டங்களில் ஸ்ட்ரோபெரி பிடுங்கியிருக்கிறேன், கப்பல் ஒன்றின் சலவை அறையில் ஒரு குளிர்காலம் இருந்திருக்கிறேன், ஸ்கொட்லாந்தில் இரண்டு ஹோட்டல்களில் கட்டில் விரித்திருக்கிறேன், ஒரு கோடை முழுவதும் பழைய வான் ஒன்றில் படுத்திருக்கிறேன். ஒரு தொழிலும் முழுதாகத் தெரியாது. ஆனால் எந்தக் கட்டில் முதுகைக் கொல்லும் என்பது பார்த்தவுடனே தெரியும்.

அண்ணிக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. தீம் பார்க் ஹோட்டல் ஒன்றில் விருந்தாளியாக நான் தங்கியது ஒரே ஒரு தடவைதான், எட்டு வயதில். அண்ணாவும் கூட வந்தவன்தானே, அவனைக் கேளுங்கள் என்றேன். கேட்டாராம். அவனுக்கு ரோலர் கோஸ்டர் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதாம்.

எனக்கு மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அப்போது நாங்கள் பிளேஸ்டோவில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை ஃப்ளாட் ஒன்றில் இருந்தோம். அங்கே வருவதற்கு முன்னர் ஒன்றரை வருடம் ஹோட்டல்களில் இருந்தோம். வீடில்லாத குடும்பங்களைக் கவுன்சில் கொண்டுபோய் வைக்கிற ஹோட்டல்கள் அவை. நாலு பேருக்கு ஓர் அறை. சமைக்கிற குசினி கீழ்த்தளத்தில், எல்லாக் குடும்பங்களுக்கும் பொது. குளியலறையும் பொது. அங்கே குளியல் தொட்டியின் ரப்பர் அடைப்பான் ஒருநாளும் இருக்காது. யாராவது கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு குடும்பமும் சொந்தமாக ஓர் அடைப்பான் வைத்திருந்தது. துவாயோடு எடுத்துப்போய்த் துவாயோடு திருப்பிக் கொண்டுவருவோம். பல்பும் அப்படித்தான். அறை மாறும்போது எங்கள் பல்பைக் கழற்றிக்கொண்டு போவோம். ஓர் இரவு வந்து படுக்காவிட்டால் அறையை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மாறச் சொல்லும் கடிதம் விடியற்காலையில் கதவுக்குக் கீழால் வரும். பத்து மணிக்குள் அறையை விட வேண்டும் என்று அதில் இருக்கும். மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் அம்மா முதலில் எடுத்தது அலுமாரிக்கு மேலே இருக்கும் நீல ஃபைலைத்தான். பிறப்புச் சான்றிதழ்கள், விசாக் கடிதங்கள், கவுன்சில் கடிதங்கள், எங்களுடைய தடுப்பூசி அட்டைகள் எல்லாம் அதற்குள். ஃபைல் இறங்கினால் வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அவரவர் சாமானை அவரவர் கட்ட வேண்டும். இதைக் கஷ்டம் என்று நான் அப்போது நினைக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பல்போடுதான் வீடு மாறுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு அம்மா ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. தீபாவளிக்கு வெம்பிளியில் மாமா வீட்டுக்குப் போனாலும் கடைசி ரயிலைப் பிடித்துத் திரும்பிவிடுவோம். தன்னுடைய தலையணை இல்லாவிட்டால் அவளுக்கு நித்திரை வராது என்று அப்பா எல்லாருக்கும் சொல்லுவார். நானும் நம்பினேன்.

மாமா அம்மாவின் தம்பி. கலியாணம் ஆகாதவர், வெம்பிளியில் ஒரு கடையில் வேலை. கடைக்குச் சாமான் போடும் கம்பனி ஒன்று குலுக்கல் வைத்ததில் அவருக்குப் பரிசு விழுந்தது. ஐந்து பேர் படுக்கக்கூடிய குடும்ப அறை ஓர் இரவுக்கு, பார்க் டிக்கெட்டோடு. அவரிடம் குடும்பம் இல்லாததால் எங்களைக் குடும்பமாக எடுத்துக்கொண்டார்.

அப்பாவுக்கு அது பிடிபடவில்லை. "ஒரு மணித்தியாலம் கார் ஓடினா வீடு. பிறகு என்னத்துக்கு மச்சான் அங்க போய்ப் படுக்கிறது?"

"அத்தான், உங்களுக்கு விளங்கேல்லை. அங்க படுத்தாத்தான் மற்றச் சனம் வர முதல் உள்ளுக்கை விடுவாங்கள். கியூ இல்லை. நேர போய் ஏறுறதுதான்."

"காலமை எழும்புறது ஆர்? நீயோ?"

மாமா அம்மாவைப் பார்த்தார். வீட்டை இரவில் பூட்டிப்போட்டுப் போக ஏலாது என்று அம்மா சொன்னார். எங்கட வீட்டுக்குக் கள்ளன் வந்தால் பாவப்பட்டு ஏதாவது வைத்துவிட்டுத்தான் போவான் என்றார் அப்பா. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தான் கள்ளனைப் பற்றிக் கதைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

அண்ணாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தான். இரண்டாம் நாள் அம்மா இறங்கி வந்தார். ஓர் இரவுதான், ஞாயிறு பின்னேரம் வீட்டில் நிற்க வேண்டும் என்று மாமாவிடம் மூன்று தடவை சொன்னார். அன்று பின்னேரம் நான் பார்த்துக்கொண்டிருக்க, கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த நீல ஃபைலை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பெரியவர்கள் சிரித்துச் சிரித்துப் பேசியது எங்களைப் பயப்படுத்தாமல் இருக்கத்தான். ஃப்ளாட் போய்விட்டது. திரும்பவும் ஹோட்டல்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஆசிரியையிடம் நாங்கள் ஹோட்டலுக்குப் போகிறோம் என்று சொன்னேன். அவர் கையைத் தட்டிச் சந்தோஷப்பட்டு, படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அவருக்கு இரக்கமே இல்லை என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த சோமாலியச் சிநேகிதிக்குத்தான் விளங்கியது. அவள் நாலு ஹோட்டல் கண்டவள்.

"எத்தனை பெட்டி?" என்று கேட்டாள்.

ஒரு பெட்டிதான் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். ஒரு பெட்டி என்றால் தூரத்துக்கு அனுப்ப மாட்டார்கள் என்று ஆறுதல் சொல்லி, தன் அழிறப்பரைப் பாதியாகப் பிய்த்துத் தந்தாள். யோகட் கோப்பையில் நான் வளர்த்த அவரைச் செடியை அவளுக்குக் கொடுத்தேன். பிற்பாடு அதை அவள் திருப்பித் தரவில்லை.

சனிக்கிழமை காலை எல்லாரும் வெளிக்கிடும் அமளியில் என் வேலையைப் பார்த்தேன். என் அறைப் பல்பைக் கழற்றிச் சொக்ஸுக்குள் சுற்றினேன். தொட்டியின் ரப்பர் அடைப்பானைச் சங்கிலியோடு இழுத்துக் கழற்றினேன். ஒரு மலசலகூடக் கடதாசிச் சுருள். மூன்றையும் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டு மாமாவின் காரில் ஏறினேன். அம்மா கடைசியாக வந்தார். எதையோ தேடிக்கொண்டு நின்றதாகச் சொன்னார்.

அந்த ஹோட்டல் முழுவதும் கடற்கொள்ளைக்காரர் வேஷம் போட்டிருந்தது. வாசலில் பீரங்கி, கூரையில் கயிற்று ஏணி, அறைக்கு அறை மண்டையோட்டுக் கொடி. நான் மற்ற விஷயங்களைப் பார்த்தேன். கம்பளத்தில் ஈர மணம் இல்லை. நடையில் பிள்ளைகளின் தள்ளுவண்டிகள் குவிந்து கிடக்கவில்லை. யாரும் யாரோடும் குசினிக்காகச் சண்டை பிடிக்கவில்லை. இதுவரை எங்களுக்குத் தந்ததில் இதுதான் திறம் என்று முடிவெடுத்தேன். ஒரு கவலைதான் மிச்சம். மாமா வரவேற்பு மேசையில் பரிசுக் கடிதத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அங்கே ஒரு கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்திருந்த பெண்ணிடம், இங்கே இருக்கிற பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள் என்று கேட்டேன்.

அவள் குனிந்து இரகசியம்போலச் சொன்னாள். கடற்கொள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே கிடையாதாம்.

என் துக்கம் அந்த இடத்திலேயே போய்விட்டது. படிப்பு சம்பந்தமாக எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தது அது ஒன்றைத்தான்.

அன்று பார்க்கில் சனம் அலைமோதியது. மத்தியானத்திலிருந்து பொழுதுபடும்வரை இரண்டே இரண்டில்தான் ஏற முடிந்தது. பெரிய ரோலர் கோஸ்டரின் கியூ எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பார்த்தாயா என்று அப்பா மாமாவைப் பார்த்தார். நாளைக் காலையில் பாருங்கோ என்று மாமா சொன்னார்.

பின்னேரம் அறைக்கு வந்து குளிக்கப்போன இடத்தில் பிரச்சினை. தொட்டி பளபளவென்று இருந்தது, ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. ஓட்டைக்கு இரும்பு மூடி ஒன்று இருந்தது. அது எப்படி மூடும் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரியவில்லை. அம்மா குழாயைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டு நின்றார். நான் பையைத் திறந்து எங்கள் அடைப்பானை நீட்டினேன். அடி விழும் என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மா அதை வாங்கிப் பார்த்தார்.

"இதைத்தான் பிள்ளை காலமை முழுக்கத் தேடினனான்," என்றார்.

வேறொன்றும் கேட்கவில்லை. இரும்பு மூடியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு எங்கள் அடைப்பானைப் போட்டார். அளவாக இருந்தது. தண்ணீர் நின்றது. அம்மாவும் தேடியிருக்கிறார் என்றால் நான் நினைத்தது சரிதான். இனி இதுதான் வீடு. கழுத்தளவு சுடுதண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, எந்தக் கட்டிலை எனக்கென்று பிடிப்பது என்று திட்டம் போட்டேன்.

விடிய ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் தானாக எழும்பிவிடுவோம். பொதுக் குளியலறைக் காலத்துப் பழக்கம். மாமா மட்டும் இழுவைக் கட்டிலில் வாயைத் திறந்தபடி கிடந்தார். அப்பா கதவுக்கு முண்டு கொடுத்திருந்த கதிரையை எடுக்கப் போனவர் அப்படியே நின்றார். கதவுக்குக் கீழே ஒரு கடிதம்.

அண்ணா போய் எடுத்து வாசித்தான். எங்களோடு தங்கியதற்கு நன்றி. தயவுசெய்து பத்து மணிக்குள் அறையை விடவும்.

ஒரே இரவில் மாற்றுகிறார்களா? சோமாலியச் சிநேகிதிக்குக்கூட இப்படி நடந்ததில்லை. நான் பைக்குள் கையை விட்டுப் பல்பு இருக்கிறதா என்று பார்த்தேன். அண்ணா பல் தீட்டப் போய்விட்டான். அப்பா பெட்டியைக் கட்டினார். அம்மா படுக்கை விரிப்புகளை உருவி மடிக்கத் தொடங்கினார்.

"அதெல்லாம் அவையள் செய்வினம், விடும்," என்றார் அப்பா.

அம்மா நாலாவதையும் மடித்து வைத்துவிட்டுத்தான் விட்டார். அரை மணி நேரத்தில் நாலு பேரும் குளித்து, தலை இழுத்து, சப்பாத்தோடு நின்றோம். மாமாவைத் தட்டினோம். "அக்கா, அஞ்சே அஞ்சு நிமிஷம்," என்று சுவர்ப்பக்கம் திரும்பினார். அவருக்கு அந்த அஞ்சு நிமிஷம் கொடுத்துவிட்டுப் போனோம்.

பார்க் வாசலில் காவலாளி எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கே திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதாம். பரவாயில்லை, நிற்கிறோம் என்று அப்பா சொன்னார். நின்றோம். ஓர் ஆள் போய்க் கால் நீட்டிவிட்டு வர மற்ற மூன்று பேரும் இடம் பிடிப்பது எங்களுக்குக் கைவந்த கலை. கதவு திறந்தபோது எங்களுக்கு முன்னால் ஒரு குருவிகூட இல்லை. பெரிய ரோலர் கோஸ்டரில் அடுத்தடுத்து நாலு தடவை ஏறினோம்.

முதல் மூன்று தடவையும் அம்மா ஏறவில்லை. கைப்பையை அங்கே இருந்த பூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வர வேண்டும் என்றார்கள், அம்மா மாட்டேன் என்றுவிட்டார். நாலாவது தடவை அப்பா கீழே நின்று பையை வாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக் காட்டினார். அம்மா என் பக்கத்தில் ஏறினார். உச்சிக்குப் போகும்வரை அப்பாவையும் பையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விழும்போது எல்லாரும் கத்தினார்கள். அம்மா சிரித்தார், இறங்கிய பிறகும் நிறுத்த முடியாமல் சிரித்தார்.

பத்தேகாலுக்கு மாமா வந்தார், அறை துடைக்க வந்தவர்கள் எழுப்பிவிட்டதால். தலைமயிர் ஒருபக்கமாக நின்றது. அதற்குள் கியூ பழையபடி வளைந்து வளைந்து போயிருந்தது.

"எப்பிடி மச்சான், கியூ இல்லையோ?" என்று அப்பா கேட்டார்.

இதையெல்லாம் யோசித்துவிட்டு நேற்று அண்ணிக்குப் பதில் சொன்னேன். ஐந்து மணிக்கு எழும்பி, நாலு பேர் அரை மணி நேரத்தில் வெளிக்கிடக்கூடிய குடும்பம் என்றால் கட்டாயம் பிரயோசனம். தங்களுடைய பிள்ளைகள் ஒன்பது மணிக்கு முதல் கண் முழிக்க மாட்டார்கள் என்றார் அண்ணி. அப்படியென்றால் காரிலேயே போய் வாருங்கள் என்றேன்.

ஞாயிறு பின்னேரம் காரில் ஏறியதும், அடுத்தது எந்த ஹோட்டல் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்குத்தான், நாளைக்குப் பள்ளிக்கூடம் என்று அண்ணா சொன்னான். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கடற்கொள்ளைக்காரியாக ஒரு நாள்கூட முழுதாக இருக்க விடவில்லை. பிளேஸ்டோவில் மூன்று மாடியும் முகத்தை நீட்டிக்கொண்டே ஏறினேன்.

அம்மா எங்களுக்கு முன்னால் போய்க் கதவடியில் நின்றார். திறப்பு கையில் இருந்தது. ஆனால் அவர் பூட்டில் போடவில்லை. எங்கள் வீட்டு மணியை அழுத்தினார். நாங்கள் நாலு பேரும் வெளியே நிற்க, உள்ளே மணி அடிப்பது கேட்டது.

"அம்மா, உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை," என்று அண்ணா சிரித்தான்.

"தெரியும்," என்றார் அம்மா. இன்னொரு தடவை அழுத்தினார். கதவில் காதை வைத்தார். அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல்பையும் அடைப்பானையும் கையில் எடுத்துக்கொண்டு நான் தயாராக நின்றேன்.

உள்ளேயிருந்து யாரும் வந்து கதவைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு அது ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை.