கெலிஓயாச் சம்பலும் அப்பாவின் சைவமும்

டொரொண்டோ வைத்தியசாலையில் அப்பாவைச் சத்திரசிகிச்சைக்கு அனுமதித்த அன்று, அவருக்கு என்ன வருத்தம் என்று கேட்க முன்னரே அவர் எந்த வகை மரக்கறிக்காரர் என்று கேட்டார்கள். தாதி லிண்டா நீட்டிய படிவத்தில் வெஜிடேரியன், வீகன், பெஸ்கட்டேரியன், ஃபிளெக்சிடேரியன் என்று வரிசையாகப் பெட்டிகள். முட்டை மட்டும் தின்பவருக்கு ஒரு பெயர், மீனோடு நிறுத்திக்கொள்பவருக்கு இன்னொரு பெயர். எனக்கு மலைப்பாக இருந்தது. "இவர் சைவம். எங்களுக்குச் சமயமும் அதுதான், சாப்பாடும் அதுதான்" என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். லிண்டா தலையாட்டிவிட்டு, சமயம் என்ற இடத்தில் 'வெஜிடேரியன்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

கண்டியில் இருந்த காலத்தில் எங்களுக்கும் இத்தனை வகை இருந்தது, பெயர்தான் இல்லை. அப்பா கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் லிகிதர். அங்கே மதியச் சாப்பாட்டு மேசையில் நடப்பதை அவர் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடம். மடுல்கெல்லயிலிருந்து வரும் பெருமாள் "நாங்க செவ்வாயும் வெள்ளியும் கவுச்சி தொடமாட்டோங்க" என்பாராம். புதன்கிழமை அவர் கோழிக்கறியோடு வந்து இறங்கும் வேகமே தனி. சிங்கள மேலதிகாரி பௌர்ணமிப் போயா நாளில் இறைச்சியை விட்டுவிடுவார், கருவாட்டை மட்டும் விடமாட்டார். நான் வீட்டில் முழுச் சைவம், சிநேகிதிகள் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் சைவம். வருடம் முழுவதும் ஒரே மாதிரிச் சைவம் அப்பா ஒருவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எண்பத்துமூன்று ஆடியில் தமிழருக்கு எதிரான கலவரம் கண்டிக்கும் வந்தது. அக்காவின் பிரசவத்துக்காக அம்மா யாழ்ப்பாணம் போயிருந்ததால் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். பக்கத்துக் கெலிஓயாவில் புடைவைக்கடை வைத்திருந்த அப்பாவின் சிநேகிதர் ஹனீபா நானா, தன் வான் வண்டியில் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போனார். அவர் வீட்டுப் பின்னறையில் கடைக்கான சாரன் துணிக் கட்டுகளுக்கு நடுவே நான்கு நாள் ஒளிந்திருந்தோம். யன்னலைச் சாத்தியிருந்தும் கடைகள் எரிகிற மணம் உள்ளே வந்தது. எனக்குத் தெருதான் பயம். அப்பாவுக்கோ அந்த வீட்டுச் சமையலறைதான் பயம்.

"தங்கமான சனம், பிள்ளை. ஆனா அந்தச் சட்டியில மாடெல்லோ காய்ச்சியிருப்பினம்" என்று என் காதுக்குள் சொன்னார். இரண்டு நாள் வெறுந்தேத்தண்ணீரும் பிஸ்கட்டும்தான். அவர் நீரிழிவுக்காரர். குளிசையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்ததில் கை நடுங்கி, உடம்பு வியர்த்துக் கொட்டத் தொடங்கியது. ஊரடங்கில் எந்த டொக்டரிடம் ஓடுவது? நானாவின் மனைவியை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கதவடியில் நின்று அப்பாவைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"அல்லாவே, எங்கட ஊட்டுக்கு வந்து இந்த மனுசன் பட்டினி கெடக்கிறதா? நான் புதுச் சட்டியில ஆக்கித் தாரன் மகள்."

ஒருநாளும் அடுப்பில் ஏறாத சட்டி, புது அகப்பை. சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. அப்பா கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை வைத்தார். கண்ணைத் திறக்காமலே மெல்ல மென்றார். பிறகு தட்டை வழித்தெடுத்தார். "இப்பிடியொரு சம்பலை நான் என்ர சீவியத்தில சாப்பிடேல்லை. இன்னும் கொஞ்சம் கேள் பிள்ளை" என்றார். நானும் ஒரு கிள்ளு வாயில் போட்டேன். மாசி! காய்ந்து கட்டையாக இறுகிய மீனை இடித்துத் தூளாக்கிப் போடுகிற, சிநேகிதிகள் வீட்டில் நான் தின்ற அதே மாசி. எழுந்து குசினிக்கு ஓடினேன்.

"ராத்தா, சம்பலுக்கு மாசி போட்டீங்களா?"

"மாசி போடாமச் சம்பலா மகள்? நான் மீன் ஒண்டும் போடல்லயே. அது தூள்தானே" என்றார், சம்பலுக்கு உப்புப் போட்டீர்களா என்று நான் கேட்டுவிட்டதுபோல.

அப்பாவிடம் சொன்னால் அவர் மறுபடி பட்டினி கிடப்பார், ராத்தாவும் நொந்துபோவார். சொல்லாவிட்டால் பாவம் என் தலையில். பாவத்தை நானே எடுத்துக்கொண்டேன். மீதி இரண்டு நாளும் மூன்று வேளையும் அப்பா சம்பல் கேட்டார். நடுக்கம் நின்றது. நான் சாரன் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். வெளியே ஊர் எரிகிறது, உள்ளே ஒரு சுத்த சைவர் மாசிச் சம்பலுக்குத் தட்டை நீட்டுகிறார். சிரிக்காமல் என்ன செய்வது?

இத்தனை வருடமும் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இங்கே சத்திரசிகிச்சை முடிந்து ஐந்தாம் நாளாகியும் அப்பா அவித்த புரொக்கொலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. இனிச் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஸ்காபரோவில் தமிழ்க் கடைக்கு ஓடி மாசி வாங்கினேன். சோறும் சம்பலும் பெட்டியில் போட்டு, பனியில் இரண்டு பஸ் மாறி வந்தேன். மூடியைத் திறந்ததும் லிண்டா மூக்கைச் சுருக்கினாள்.

"இது மீனா?"

"இல்லை, ஒருவகைத் தூள்" என்றேன், ராத்தா சொன்னதுபோலவே.

அப்பா பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "மீன்தான்" என்றார் கச்சேரி ஆங்கிலத்தில். "ஆனால் படிவத்தை மாற்ற வேண்டாம்."

லிண்டா பேனாவைத் தூக்கினாள். "அப்படியென்றால் உங்களை என்னவென்று எழுதுவது?"

அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "கச்சேரி மேசையில எத்தினை வருசம் உந்த மணத்துக்குப் பக்கத்தில இருந்தனான். கெலிஓயாவில முதல் வாயிலயே விளங்கிட்டுது. ஹனீபா வீட்டுக்காரர் எங்களை ஒளிச்சு வைச்சினம். நான் அவையின்ர மாசியை ஒளிச்சு வைச்சன், அவ்வளவுதான். அம்மாவுக்குச் சொல்லிப்போடாத."

லிண்டா மொழிபெயர்க்கச் சொன்னாள். அதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. அப்பா ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டு முடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் வெறும் பெட்டி மடியில் இருந்தது. மூடி சரியாகப் பொருந்தவில்லை போலிருக்கிறது, மாசி மணம் மெல்லக் கிளம்பியது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து முன் இருக்கைக்குப் போனார். வெட்கத்தில் மூடியை அழுத்தப் போன கை, அதைக் கொஞ்சம் திறந்து மணந்து பார்த்தது. இறங்கும் இடம் வரும்வரைக்கும் அதை மூடுவதும் திறப்பதுமாகவே இருந்தேன்.