நாற்பத்தொரு சான்றிதழும் ஒரு குழாயும்

மேல்தெருவில் காற்றில் கை கழுவத் தெரியாத ஆளே கிடையாது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு என்று மொத்தம் ஆறு நிலை. ஊரக முன்னேற்றத்துக்காகப் பாடுபடும் தொண்டு நிறுவனம் ஒன்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த கலை அது. அந்த நிறுவனத்தின் பயிற்சிக் கையேட்டில் தண்ணீர், 'அந்தந்த ஊரிலேயே கிடைக்கும் பொருள்கள்' என்ற பட்டியலில் இருந்தது. ஆகவே அதை அவர்கள் கொண்டுவருவதில்லை. ஊர்க்குழாயோ கீழ்த்தெரு முனையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறி வந்தவர்களுக்கு, அதைப் பாடத்துக்காகக் கீழே ஊற்ற மனம் வரவில்லை. "பரவால்ல, இப்போதைக்குப் பாவனை பண்ணுங்க" என்றார் பயிற்சியாளர். அவர் சொன்ன 'இப்போதைக்கு' மூன்று வருடம் ஓடியது.

இந்தக் கலையில் முதல் மாணவி பயிற்சியக்கா. அரவை மில்லில் கிழிந்த சாக்குகளைத் தைப்பது அவளுடைய தொழில். தெரு இட்ட பட்டம்தான் பயிற்சியக்கா. நிறுவனம் நடத்திய ஒரு பயிற்சியையும் அவள் விட்டதில்லை. காளான் வளர்ப்பு, சோப்புத் தயாரிப்பு, மேடைப் பேச்சு, மன அழுத்தத்தைக் கையாளுதல் என்று நாற்பத்தொரு சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். எல்லாவற்றையும் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பெருமைக்காக அல்ல, சுவர் நெடுக விரிசல். 'தலைமைப் பண்பு' கொஞ்சம் தடித்த அட்டை என்பதால் பெரிய விரிசல் அதன் பொறுப்பில் இருக்கிறது.

அவள் பயிற்சிக்குப் போனது ஒரே காரணத்துக்காகத்தான். விடாமல் போய்க்கொண்டிருந்தால் என்றைக்காவது, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள், மேல்தெருவுக்குக் குழாய் வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

குறை சொல்லக் கூடாது, கேட்டார்கள். வருடா வருடம் கேட்டார்கள். தரையில் படம் போட்ட அட்டைகளைப் பரப்பி, ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, எது அதிகம் தேவையோ அதன்மேல் வையுங்கள் என்றார்கள். குழாய் அட்டையே தெரியாத அளவுக்குக் கொட்டை குவிந்தது. நிறுவனத்தார் படம் எடுத்துக்கொண்டு, கொட்டைகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த அறிக்கையில், 'தண்ணீர் குறித்த ஆர்வம் மக்களிடையே சிறப்பாக வேரூன்றியுள்ளது' என்றிருந்தது. அடுத்த வருடம் அந்த ஆர்வத்தை மேலும் வளர்க்க ஒரு பயிற்சி நடந்தது.

இப்படியே இன்னும் பத்து வருடம் பயிற்சியக்கா பொறுத்திருப்பாள். ஆனால் பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு வயிற்றில் எட்டு மாதம். மருமகன் லாரியோடு வெளியூர் சுற்றுகிறவன். அக்கா விடியற்காலையில் ஐந்து குடம் ஏற்றி வைத்துவிட்டுத்தான் மில்லுக்குப் போவாள். ஒரு நாள் திரும்பி வந்தபோது மகள் வாசற்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நசுங்கிய குடம். மேட்டில் வழுக்கிவிட்டது.

"ஏண்டி, நர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, குடம் தூக்காதேன்னு!"

"சொன்னாங்க. நீ வெச்சுட்டுப் போன தண்ணி மத்தியானத்தோட தீந்துபோச்சு. தாகத்துக்கு எத்தனையாவது மாசம்னு தெரியுமா என்ன?"

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நர்ஸ் வந்து பார்த்துச் சொன்னாள். இன்னொரு தடவை விழுந்தால் தன்னைக் கேட்காதே என்றும் சொன்னாள். மறுநாள் பயிற்சியக்கா மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, கீழ்த்தெருவில் இருக்கும் நிறுவன அலுவலகத்தில் போய் நின்றாள். ஒருங்கிணைப்பாளர் முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார்.

"சார், மேல்தெருவுக்கு பைப்பு."

"அருமைம்மா! இப்படித்தான் கேக்கணும். ஆனா பாருங்க, பைப்பை நாங்களே போட்டுட்டா நீங்க எங்களையே நம்பி இருந்துடுவீங்க. கேக்கற திறனை வளக்கறதுதான் எங்க வேலை."

"வளந்துதான் சார் வந்து கேக்கறேன்."

"யார்கிட்ட கேக்கணும்னு ஒரு பயிற்சி வெச்சிருக்கோம்..."

"அதையும் முடிச்சுட்டேன் சார். அங்கதான் உங்களைப் போய்ப் பாருன்னாங்க."

ஒருங்கிணைப்பாளர் பேச்சை மாற்ற மேசையில் கிடந்த வரைபடத்தைப் பிரித்தார். மக்கள் வள மையம். பயிற்சி நடத்தவென்றே ஒரு தனிக் கட்டடம். ஆண்டு முடிவதற்குள் கட்டியாக வேண்டும், கீழ்த்தெருவில் எவனும் இடம் தர மாட்டேன் என்கிறான் என்று அலுத்துக்கொண்டார். அக்கா வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். கூடம், சமையலறை, இரண்டு கழிவறை. சுவரோரம் சின்னச் சின்ன வட்டங்கள்.

"இது என்ன சார் வட்டம்?"

"வாஷ்பேசின்மா."

அக்கா கிளம்பினாள். நேராக பஞ்சர் கடை வைத்திருக்கும் கொழுந்தனிடம் போனாள். மேல்தெருவின் கடைசியில், அவளுடைய வீட்டுக்கு அடுத்தாற்போல், முள் மண்டிக் கிடக்கும் மனை அவனுடையது. அதை மையத்துக்குக் கேட்டாள்.

"சும்மா தூக்கிக் கொடுக்க எனக்கென்ன கிறுக்கா அண்ணி?"

"பத்து வருஷத்துக்கு மட்டும் எழுதிக் குடு. முள்ளு வெட்டறது அவங்க செலவு. அப்புறம் மனை உன்கிட்டதானே திரும்புது?"

"சரி, தண்ணி இல்லாத மேட்டுல வந்து அவங்க என்ன பண்ணுவாங்க?"

"அதை அவங்க யோசிக்கல. நீயும் யோசிக்காதே."

நிறுவனமும் யோசிக்கவில்லை. 'மக்கள் தாமாக முன்வந்து இடம் அளித்தனர்' என்ற வரியை எழுதும் மகிழ்ச்சியில் வேறு எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை. பதினைந்தே நாளில் மையம் எழும்பிவிட்டது. தகரத்தையும் இரும்புச் சட்டத்தையும் போல்ட் போட்டு முடுக்கும் கட்டடம் அது. அதைக் கட்டச் சொட்டுத் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை. கழிவறைகளும் செய்து முடித்தே லாரியில் வந்து இறங்கின, பளபளக்கும் குழாய்களோடு.

திறப்பு நாளன்று தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மா தம் ஆட்களோடு வந்தார். அன்றைய பயிற்சியின் தலைப்பு தண்ணீர்ச் சிக்கனம். காலையில் இரண்டு முறை டீ. பதினோரு மணி வாக்கில் இயக்குநர் எழுந்து கழிவறைக்குப் போனார். சற்று நேரத்தில் கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"குழாய்ல தண்ணி வரலையே?"

ஒருங்கிணைப்பாளர் தன் செருப்பை ஆராயத் தொடங்கினார். முன்வரிசையிலிருந்து பயிற்சியக்கா பணிவாக எழுந்தாள்.

"இங்க எல்லாம் பாவனைதான் மேடம். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே? நான் காட்டறேன், அப்படியே பண்ணுங்க."

உள்ளங்கையில் தொடங்கி மணிக்கட்டுவரை ஆறு நிலையையும் நிதானமாகச் செய்துகாட்டினாள். பின்னால் இருந்த பெண்களும் பழக்கதோஷத்தில் கூடவே செய்தார்கள். இயக்குநர் மட்டும் செய்யவில்லை. முகம் சிவக்கக் காரில் ஏறினார். தண்ணீர்ச் சிக்கனம் அன்றைக்கு மத்தியானமே முடிந்துபோனது.

ஒன்பதாவது நாள் குழாய் வந்தது. மூன்று வருடப் புளியங்கொட்டையால் ஆகாதது, இயக்குநர் அம்மா ஒரு முறை கழிவறைக்குப் போய் வந்ததில் ஆகிவிட்டது. பள்ளம் வெட்டியது மேல்தெரு ஆண்கள். 'விழிப்புணர்வு பெற்ற மக்களின் தன்னெழுச்சி' என்று அறிக்கை சொல்லிற்று. பதினோரு வீட்டு வாசலுக்கும் அடியில் குழாய் ஓடியது. ஒரு வீட்டுக்கும் கிளை இல்லை. அது அலுவலக இணைப்பாம், விதி இடம் கொடுக்காதாம். மையத்தைக் கூட்டிப் பெருக்க ஆள் தேடினார்கள். பயிற்சியக்கா கையைத் தூக்கினாள். சாவி அவளிடம் வந்தது. அதற்குப் பிறகு தினமும் அலுவலகம் திறக்கும் முன்பே மையத்தின் சமையலறையில் பதினோரு வீட்டுக் குடமும் நிரம்பியது. மகள் மேட்டுச் சரிவுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருங்கிணைப்பாளருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. ஒரு நாள் ஈரத்தரையைத் தாண்டித் தாண்டி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நான் எதையும் பாக்கலம்மா. ஆனா மாசம் நாலு பயிற்சி, ஒவ்வொண்ணுக்கும் இருபது பேர் கையெழுத்து வேணும். குறைஞ்சா மையத்தைக் கழட்டி வேற ஊருக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. போல்ட்டுதானே, அரை நாள் வேலை."

அன்று சாயங்காலமே அக்கா தெருவாரைக் கூட்டிக் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு பயிற்சிக்கும் வீட்டுக்கு இரண்டு பேர், விலக்கு கிடையாது. பஞ்சர் கடைக்காரன் 'பெண்களும் சுயதொழிலும்' முழுவதையும் உட்கார்ந்து கேட்டான். வருகை எகிறியதைப் பார்த்து நிறுவனமே அசந்துபோனது. மேல்தெருவின் கற்கும் வேட்கையைத் தெரிந்துகொண்டு போக மூன்று ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை. மையத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சி. அக்கா போவாள், இன்னொரு ஆள் வேண்டும்.

"ஏம்மா, பச்ச உடம்போட நான் வந்து தேனீ வளக்கணுமா?"

"வளக்க வேணாம்டி. பக்கத்து வீடுதானே, சும்மா வந்து உக்காரு. புள்ளையையும் தூக்கிட்டு வா."

"நடுவுல அழுதா?"

"அழட்டும். துடிப்பான பங்கேற்புன்னு எழுதிக்குவாங்க."

சொல்லிக்கொண்டே காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் கால்மேல் கிடத்தினாள். பக்கத்தில் இரண்டு குடம். முதல் குடத்துத் தண்ணீரை விளாவி முழுவதும் ஊற்றினாள். குழந்தை வீறிட்டது. போதும் என்று மகள் சொன்னதைக் காதில் வாங்காமல் இரண்டாவதையும் எடுத்தாள்.