கடைசி அரைச் சுற்று

என் கணவர் எதைத் திருகினாலும் கடைசியில் ஓர் அரைச் சுற்று கூடுதலாக இறுக்குவார். ஊறுகாய் ஜாடி, தண்ணீர்க் குழாய், பிள்ளைகளின் பாட்டில், எதுவும் தப்பாது. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர் அவர். அங்கே ஒரு திருகை இறுக்காமல் விடுவது கொலைக் குற்றம். வீட்டில் அவர் மூடியதைத் திறக்க அவரையேதான் கூப்பிட வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. ஹாலில் மாமனார், மாமியார், டிவி. உள்ளறையில் பரீட்சைக்குப் படிக்கும் எங்கள் இரண்டு பெண்கள். இவர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். அம்மா அப்பா முன்னால் என்னை "இந்தா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகப் பேசியதெல்லாம் வண்டியில்தான். நசரத்பேட்டையில் ஒரு மருந்துக் கிடங்கில் எனக்கு பில் போடும் வேலை. சாயந்திரம் தன் வேலையை முடித்துவிட்டு வந்து என்னை ஏற்றிக்கொள்வார். பூந்தமல்லி தாண்டியதும் "ஏட்டி" என்று ஆரம்பிப்பார். நாத்தனார் விஷயம், பெண்களின் படிப்பு, என் முழங்கால் வலி எல்லாம் ஆவடி வருவதற்குள் பேசித் தீர்ப்போம். சண்டையும் அங்கேதான். ஹெல்மெட் மேல் கொட்டுகூட வைத்திருக்கிறேன்.

அந்த வண்டியில் கொஞ்ச நாளாகவே டிக் டிக்கென்று ஒரு சத்தம். "செயினாயிருக்கும்" என்றார். மிக்சியில் கல் மாட்டியது போல இருக்கிறதே என்றேன். "ஒனக்கு எஞ்சினப் பத்தி என்னட்டி தெரியும்" என்றார். ஒரு நாள் நசரத்பேட்டை சர்வீஸ் ரோட்டிலேயே வண்டி திணறி, கருகல் வாடையோடு நின்றுவிட்டது. கிக்கர் மேல் ஏறி நின்றார். அது அசையவே இல்லை.

ஒரு குட்டி யானை லோடு வண்டி பிடித்து, எங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். என்னைவிட இளையவர். எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்துவிட்டு, கிக்கரை மெல்லக் கையால் அழுத்தினார். கரகரவென்று இறங்கியது.

"ஜாம் ஆயிட்சி. இன்னா அண்ணாத்தே, ஆயிலே இல்லாம ஓட்டிக்கினு கீறீங்க?"

"மாசா மாசம் பாக்கேனே!" என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எப்டி பாப்பீங்க? காட்டுங்க."

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினார். ஆயில் மூடியைக் கழற்றினார். அதன் அடியிலேயே அளவு பார்க்கும் குச்சி இருக்கிறது. துணியால் சுத்தமாகத் துடைத்தார், உள்ளே விட்டார், திருகினார், கடைசி அரைச் சுற்றும் இறுக்கினார். திரும்பக் கழற்றி எடுத்தபோது நுனி லேசாக நனைந்திருந்தது. மெக்கானிக் அதைக் கையில் வாங்கினார். துடைத்து, திருகாமல் சும்மா துளையின் வாயில் வைத்து எடுத்தார். குச்சி காய்ந்து கிடந்தது.

"இந்த வண்டிக்குத் திருவக்கூடாது அண்ணாத்தே. திருவுனா குச்சி உள்ள எறங்கிடும், இல்லாத ஆயிலு இருக்கற மாதிரியே காட்டும்."

என் கணவருக்குப் புரிந்துவிட்டது. பழைய எஞ்சின், ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இவரோ மாதா மாதம் நன்றாக இறுக்கி, சரியாக இருக்கிறதென்று நம்பியிருக்கிறார். எஞ்சின் அடியில் திறந்துவிட்டபோது ஒரு டீ கிளாஸ் அளவுதான் வந்தது. கறுப்பு. அதில் ஜிகினாத் தூள் போல உலோகப் பொடி மின்னியது. அவர் அதை விரலில் தொட்டுத் தேய்த்துக்கொண்டே நின்றார். "ஏட்டி, நாந்தாம்ட்டி கொன்னுட்டேன்" என்றார். கடையில் நாலு பேர் நிற்கும்போது என்னை "ஏட்டி" என்றது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. வண்டிக்காக அல்ல.

பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் மெக்கானிக். பிஸ்டன் போயிருந்தால் மாற்றலாம். அடியில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடில் ஆட்டம் இருந்தால் இந்த வயசு வண்டிக்குச் செலவு கட்டாது, விட்டுவிடுங்கள் என்றார். மாமனார் அதற்குள் வண்டியைக் காயலான் கடையில் போட ஆள் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க பஸ். நான் வந்துவிடுகிறேன், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றால் கேட்கவில்லை. ஆவடியிலிருந்து பஸ் மாறி நசரத்பேட்டைக்கு வருவார், என்னோடு திரும்புவதற்காக மட்டும். ஆனால் கூட்டத்தில் நான் முன்படியில், அவர் பின்படியில். தலைகளுக்கு நடுவே அவர் முகம் தெரியும். சைகையில் "டிக்கெட் எடுத்தாச்சு" என்பார். ஒரு வாரத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் மறுபடி "இந்தா". எனக்கு அவர்மேல் அப்படி ஓர் ஏக்கம் வரும் என்று கல்யாணமான புதிதில்கூட நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் கடைக்குப் போனோம். எஞ்சினைப் பிரித்திருந்தார்கள். பிஸ்டனில் நகத்தால் கீறியது போல நெடுகக் கோடுகள். சிலிண்டரிலும் அதே கோடு. மெக்கானிக் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுக்கும்போது, நான் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். எஞ்சினுக்காக அந்தப் புனிதரை இழுத்துவிட்டவள் நானாகத்தான் இருப்பேன். ராடு பக்கவாட்டில் லேசாக அசைந்தது, அது இருக்க வேண்டியதுதானாம். மேலும் கீழும் அசையவில்லை.

"ராடு கல்லு மாரி கீதுக்கா" என்றார் மெக்கானிக். என் கணவர் நம்பாமல் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகுதான் சிரித்தார்.

சிலிண்டரை அம்பத்தூர் லேத்தில் கடைந்து, பெரிய அளவு பிஸ்டன் போட்டு, அந்த டிக் டிக்குக்குக் காரணமான தேய்ந்த கேமையும் மாற்றி வண்டி வந்தது. ஆயிரம் கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டக்கூடாது, புது பிஸ்டன் பழக வேண்டும் என்று கட்டளை. ஷேர் ஆட்டோக்கள் ஹாரனடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. நாங்கள் ஓரமாகவே வந்தோம், பேசிக்கொண்டே.

மாதங்கள் போயின. போன வாரம் ஆயில் மாற்றக் கடைக்குப் போயிருந்தோம். அவர் டீ சொல்லப் போன நேரத்தில் மெக்கானிக் கேட்டார்: "இன்னாக்கா, வண்டி நல்லா இழுக்குதா?"

"எங்க இழுக்குது? இன்னும் நாப்பதுலதான் போறாரு. நீங்க சொன்னீங்களாமே."

"அது எப்பவோ முடிஞ்சிட்சிக்கா! போன சர்வீஸ்லயே அண்ணாத்தகிட்ட சொன்னேனே, இனிமே தாராளமா ஓட்டுங்கன்னு."

அவர் வாங்கிவந்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். திரும்பி வரும்போது ஒரு தண்ணி லாரிகூட எங்களைத் தாண்டிப் போனது. அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். முள் நாற்பதைத் தொடவில்லை.

"இன்னும் எத்தன நாளைக்கு இப்படி ஊர்ந்து போறது?" என்றேன்.

"எஞ்சின் புதுசுல்லாட்டி" என்றார், திரும்பாமல். "பழக நாளாவும்."

"ஆவட்டும்" என்றேன்.