பேய்ப் புத்தகத்தில் கற்ற எழுத்து

மாடி வீட்டுப் பிள்ளை நேற்று ஒரு பேய்க்கதைப் புத்தகத்தை என் கட்டிலில் மறந்துவிட்டுப் போய்விட்டது. எட்டு வயசுப் பிள்ளைகள் படிக்கிற புத்தகம். அட்டையில் மண்டை ஓடு பல்லைக் காட்டுகிறது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன், அந்தக் காலத்துப் புத்தகங்களில் வந்த அதே பசை வாசனை. பகல் முழுக்கப் பேச ஆளில்லாத வீடு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வாசித்தேன். பயம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் துணையாக இருந்திருக்கும்.

என்னைப் படிக்காதவள் என்று எவரும் சொல்லிவிட முடியாது. என்ன, நான் படித்ததே பேய்க்கதையில்தான்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான சமயம். குத்தம்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் வந்து தங்கியிருந்தவர்கள், திரும்பிப் போகும்போது பிள்ளைகளின் பேய்ப் புத்தகங்களை ஒரு கட்டாக விட்டுப் போனார்கள். எனக்கு அப்போது இருபது வயசு. எழுத்துகள் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்தார். அவர் கடிதம் பூந்தமல்லியில் வளையல் கடை பாயிடம்தான் வரும். பாய்தான் படித்துச் சொல்வார். தங்கமானவர், ஆனால் சத்தமாகப் படிப்பார். உன் கை மீன் குழம்பு நினைப்பில் தூக்கம் வரவில்லை என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை எழுதியிருந்தார். வளையல் போட வந்தவர்கள் அன்றிலிருந்து என்னைக் கண்டாலே, "இன்னாமே, கொழம்பு கொதிக்குதா?" என்பார்கள். அடுத்த கடிதத்தை நானே படிப்பது என்று முடிவு செய்தேன்.

மத்தியானத்தில் மாமியார் கண்ணயர்ந்ததும் உட்காருவேன். நான் முதன்முதலில் முழுசாகப் படித்த வாக்கியம், கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது என்பது. பிள்ளைகளுக்கு அது ஒரு நொடியில் வந்துபோயிருக்கும். எழுத்துக்கூட்டுகிற எனக்கு அந்தக் கை வெளியே வர அரை மணி ஆயிற்று. இரண்டு நாள் கிணற்றுப் பக்கமே போகவில்லை. "புள்ள பெக்கற வயசுல பேய்க்குப் பயந்துகினு ஊட்ல குந்திகினு கீது," என்று மாமியார் தெருவுக்கே சொன்னார்.

கட்டும் முடிந்தது, கடிதமும் வந்தது. பாய் கண்ணாடியை எடுப்பதற்குள், "வேணாம் பாய், நானே படிச்சிக்கிறேன்," என்று வாங்கிக்கொண்டேன். கடையே என்னைப் பார்த்தது.

வீட்டில் பிரித்தால், புத்தகத்து எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. அங்கே ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. இங்கே ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு எறும்பாக ஓடியது. அச்சு வேறு, கையெழுத்து வேறு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மாமியாரிடம் சுகமாக இருக்கிறாராம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் போட்டேன். திரும்பவும் பாயிடம் போக மானம் விடவில்லை.

பதினைந்து நாள் கழித்து, கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். பாய் அன்றைக்கு மெதுவாகவே படித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ரயில் வண்டி ஆவடியில் நிற்கும், வந்து முகத்தைக் காட்டு என்று இருந்தது.

"போன வெள்ளிக்கெழம, தங்கச்சி," என்றார் பாய்.

அந்த வெள்ளிக்கிழமை, வேப்பம்பட்டில் அம்மாவைப் பார்த்துவிட்டு ஆவடியில்தான் நான் ரயிலை விட்டு இறங்கினேன். எதிர்த் தண்டவாளத்தில் பட்டாளத்து வண்டி நின்றிருந்தது. சிப்பாய்களை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லி வளர்த்திருந்தார்கள், குனிந்தே நடந்தேன். வண்டியிலிருந்து யாரோ கை தட்டினார்கள். நாலு பேர் எதிரில் பெண்டாட்டி பேரைச் சொல்ல மாட்டார்கள் எங்கள் பக்கத்தில். கை தட்டித்தான் கூப்பிடுவார்கள். எவனோ சேட்டை செய்கிறான் என்று நான் இன்னும் வேகமாக நடந்துவிட்டேன்.

"தெரியும் பாய். போயி பாத்துட்டுதான் வந்தேன்," என்றேன். பாய் கடிதத்தை மடித்துக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. பிற்பாடு கையெழுத்தும் படிக்கப் பழகிக்கொண்டேன், எழுதத்தான் ஆளில்லை.

இப்போது ஆவடியில் எதிர் பிளாட்பாரத்திலிருந்துகூடப் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நல்லதுதான். கை தட்டும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான் மிச்சம்.