முழங்கால் உயரக் கட்டில்

அந்தத் தச்சருக்கு ஊரில் ரசமட்டம் என்று பேர். தரையும் பலகையும் கோணலில்லாமல் இருக்கின்றனவா என்று வைத்துப் பார்க்கிற, நடுவில் குமிழ் ஓடுகிற அந்தச் சின்னக் கட்டையின் பேரையே அவருக்கும் வைத்துவிட்டார்கள். காதுபடவே கூப்பிடுவார்கள், அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். கல்யாண வீட்டுக்குப் போனால் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஒரு துக்க வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது, இவர் குனிந்து ஆடுகிற பெஞ்சுக் காலுக்கு அட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். கை சும்மா இருந்தால் இந்த மனுஷனுக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்பாள் அவர் மனைவி.

கட்டில் விஷயத்தில் அவருக்கு ஒரே சட்டம். உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும். முழங்கால் உயரம், அதற்கு மேல் ஒரு விரல்கூடக் கூடாது. யாராவது உயரமாகக் கேட்டால், "ஏணியும் சேர்த்துச் செஞ்சு தரவா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். ஆயுள் முழுக்க அப்படித்தான் செய்தார். அந்தச் சட்டத்தோடுதான் மகளைப் பார்க்க அந்த ஏரிக்கரை ஊருக்கும் போனார்.

ஒரே மகள். கட்டிக் கொடுத்ததிலிருந்து அவர் அந்த ஊர்ப் பக்கம் போனதில்லை. போகிறேன் என்று கிளம்பும்போதெல்லாம், நாங்களே வருகிறோம் என்று மகளும் மருமகனும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றுவிடுவார்கள். இந்த முறைதான் மகளே போன் செய்து, ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்றாள். மனைவிக்கு மூட்டு வலி. அவர் மட்டும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். பெண் வீட்டுக்குப் போகிறவர் பழம் வாங்கிப் போவார், ரம்பம் கொண்டுபோவாரா என்று அவள் கேட்டாள். இரண்டும் இருக்கிறது என்றார்.

பஸ் காட்டுக்குள்ளேயே வெகுநேரம் போய், ஒரு மேட்டில் இறக்கிவிட்டது. கீழே ஏரி, சலனமே இல்லாமல் கிடந்தது. சுற்றிலும் காடு. மேட்டிலிருந்து படிகள் இறங்கிப் போய்க் கரையோரத் தெருவில் முடிந்தன. தெருவுக்குள் நுழைந்ததும் அவருக்கு என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. சிறிது தூரம் நடந்த பிறகுதான் புரிந்தது. ஒரு நாய் குரைக்கவில்லை. கோழி இல்லை, பூனை இல்லை. பிள்ளைகள் இருந்தார்கள், ஆனால் ஒன்றுகூடத் தரையில் ஓடவில்லை. எல்லாம் யாராவது ஒருவர் இடுப்பிலோ தோளிலோ இருந்தன. அழைத்துப் போக வந்த மருமகனும் குழந்தையைத் தோளில்தான் வைத்திருந்தான். இந்த ஊரில் பிள்ளைகளுக்குக் கால் எதற்கு, விற்றுவிடலாமே என்று கேலி செய்தார். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் இருந்தது ஒரே அறையும் ஒரு சமையலறையும். அந்த அறையில் கிடந்த கட்டிலைப் பார்த்ததும் ரசமட்டத்துக்கு மேல்மூச்சு வாங்கியது. அவர் நெஞ்சு உயரத்துக்கு நின்றது கட்டில். ஏறுவதற்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, பேத்தியின் நெற்றியில் கோலிகுண்டு அளவுக்கு வீங்கியிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டார். தூக்கத்தில் உருண்டு விழுந்துவிட்டாள் என்றாள் மகள். பிறகு என்ன கருமத்துக்கு இவ்வளவு உயரம் என்று அவர் கேட்டதற்கு மருமகன், ஈரத் தரை, பூச்சி வரும் என்றான். வலை பின்னிக்கொண்டிருந்த சம்பந்தி நிமிர்ந்தே பார்க்கவில்லை. மகளும் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவருக்குச் சொல்லாததை நமக்குச் சொல்லிவிடுவதில் தவறில்லை. அந்த ஏரியின் அடியிலிருந்து ஒரு கெட்ட காற்று வரும். நிறமில்லை, வாசனையில்லை. வெளிக்காற்று வீசுகிற வரையில் தொல்லை இல்லை. காற்று விழுந்துபோன நாட்களில் அது கரையேறி, தண்ணீர் தேங்குகிற மாதிரி தெருவிலும் வீடுகளிலும் தரையோடு தேங்கும். முழங்காலுக்கு வரும், சில நாள் இடுப்புக்கு வரும். மேலே தலை இருப்பவனுக்குத் தலைவலியோடு போகும். கீழே இருக்கிற உயிர் தூங்குகிற மாதிரியே போய்விடும். கோழியும் நாயும் அப்படித்தான் போயின. அதனால்தான் கட்டில் உயரம், அடுப்பு உயரம், பிள்ளைகள் தோளில். வெளியூரில் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது அந்த ஊரின் கட்டுப்பாடு. தெரிந்தால் எந்த மடையன் பெண் கொடுப்பான்? கல்யாணமாகி வந்த பிறகுதான் மகளுக்கும் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னால் அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துப் போய்விடுவார், புருஷனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். நல்ல எண்ணத்தில்தான். நல்ல எண்ணத்தில் எத்தனை பேர் எத்தனை கெடுதல் செய்கிறார்கள் என்று பார்த்தால் கெட்டவர்களே தேவலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் நல்ல காற்று. மேட்டில் மீன் காயப்போடும் கொட்டகையில் மகளுக்கு வேலை. மருமகனும் சம்பந்தியும் ஏற்கெனவே அங்கே போயிருந்தார்கள். வழக்கமாகக் குழந்தையையும் தூக்கிக்கொண்டுதான் போவாள். தாத்தா நான் எதற்கு இருக்கிறேன் என்று அவர் விடாப்பிடியாக வாங்கிக்கொண்டார். அவள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"தூக்கியே வச்சிருங்கப்பா. கீழ மட்டும் விடாதீங்க."

"நானும் பிள்ளை வளர்த்தவன்தாம்மா. நீ போ."

அவள் படியேறியதும் அவர் செய்த முதல் காரியம், குழந்தையை அந்த முக்காலியின் மேல் உட்கார வைத்து, கையில் ஒரு பழத்தைக் கொடுத்தது. இரண்டாவது காரியம், ரம்பத்தை எடுத்தது. இன்னொரு முறை இந்தப் பிள்ளை விழுந்தால் நெற்றியோடு போகாது, உயிரே போய்விடும் என்று அவருக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. சொன்னால் விடமாட்டார்கள். செய்துவிட்டுச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள். கட்டிலைச் சாய்த்துப் போட்டு, அளந்து கோடு கிழித்து, நான்கு கால்களையும் அறுத்தார். நிமிர்த்தி வைத்துக் குமிழ் பார்த்தார். அசையாமல் நடுவில் நின்றது. கைதேர்ந்த வேலை, அதில் குறை சொல்ல முடியாது.

பேத்திக்கும் பிடித்துப்போயிற்று. தானே ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். ஏறி இறங்கிக் களைத்து அதன் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனசு நிறைந்திருந்தது. ஜன்னல் துணி ஆடாமல் நின்றுவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

பீடி பற்றவைத்துக்கொண்டு தீக்குச்சியைக் கீழே போட்டார். அது தரைக்குப் போகும் முன்பே அணைந்தது. இன்னொரு குச்சியைக் கிழித்துப் போட்டுப் பார்த்தார். அதுவும் பாதி வழியிலேயே அணைந்தது. குச்சி நமுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். குனிந்து பேத்தியின் போர்வையைச் சரி செய்தபோது தலை கிறுகிறுத்தது. மரத்தூளும் வயசும் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. குழந்தை அசையாமல் கிடந்தாள். உருளவில்லை, சிணுங்கவில்லை. தாழ்ந்த கட்டிலில் படுத்தால் பிள்ளைக்கு என்ன நிம்மதியான தூக்கம், பார்த்தாயா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மேட்டிலிருந்து யாரோ, "காத்து விழுந்துடுச்சு" என்று கத்துவது கேட்டது. தெருக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் பிள்ளைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல் படியேறிப் போனார்கள். என்ன கூத்து இது என்று அவர் வாசலில் நின்று பார்க்கும்போதே, எதிர்த் திசையில், எல்லாரையும் இடித்துக்கொண்டு மகள் இறங்கி ஓடி வந்தாள். உள்ளே நுழைந்தவள் கட்டிலைப் பார்த்தாள். மூலையில் கிடந்த நான்கு கால் துண்டுகளைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அவருக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து குழந்தையை அள்ளினாள். குழந்தையின் கை துணி மாதிரித் தொங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது.

படிகளில் அவர் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கொட்டகை வாசலில் மருமகன் குழந்தையைப் பலகையில் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினான். நெஞ்சை அழுத்தினான், மறுபடி ஊதினான். ஊரே சுற்றி நின்றது. ஒருவர்கூட வாய்விட்டு அழவில்லை. இதை முன்பே பார்த்தவர்களின் அமைதி அது. அந்த அமைதிதான் அவரைக் கொன்றது. நான்தான், என் கையால்தான் என்று முனகிக்கொண்டே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் குழந்தை இருமினாள். பிறகு வீறிட்டு அழுதாள். அந்த ஊரில் அவர் கேட்ட முதல் பெரிய சத்தம் அது.

சம்பந்தி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் ரசமட்டத்துக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. கட்டில் காலை அறுத்தது அதே கைதானே.

மறுநாள் காற்று வந்த பிறகு அவர் கீழே போய், அறுத்த துண்டுகளைத் திரும்பப் பொருத்தி, இரும்புப் பட்டை வைத்து ஆணி அடித்தார். நான்கு காலும் கோணல். குமிழ் ஒரு பக்கமாக ஓடி ஒதுங்கியது. அதை அவர் சரி செய்யவில்லை. நெஞ்சு உயரம் வந்தால் போதும் என்றிருந்தது.

முடித்துவிட்டு, குழந்தையை என்னோடு அனுப்பு என்று மகளிடம் கேட்டார். சண்டை போடுவாள், அழுவாள் என்று நினைத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தார். அவளோ சமையலறைக்குள் போனாள். அடுப்பு மேடைக்கு மேல் இருந்த பையை எடுத்து வந்து கொடுத்தாள். குழந்தையின் துணி, மருந்து, விளையாட்டுச் சாமான் எல்லாம் அதில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. இன்றைக்கு நேற்றைக்குக் கட்டிய பையாக அது தெரியவில்லை. எதற்காகத் தன்னை வரச் சொன்னாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மேட்டில் பஸ் நின்றுகொண்டிருந்தது. மருமகன் குழந்தையை முத்தமிட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றான். குழந்தை தாத்தாவின் இடுப்பில் உட்கார்ந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்தாள். அவள் அதை மெதுவாக விடுவித்தாள்.

"நீயும் வந்துடும்மா."

"அவரை விட்டுட்டு எப்படிப்பா வர்றது? அவருக்கு இந்த ஏரியை விட்டா வேற பொழப்பு தெரியாது."

"அப்போ உனக்கு?"

அவள் லேசாகச் சிரித்தாள். "நான் உயரமாத்தானேப்பா இருக்கேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். உயரம்தான், அவரைவிட உயரம். ஆனால் காலமெல்லாம் கட்டில் செய்தவருக்குத் தெரியாதா, படுத்துவிட்டால் எல்லாரும் ஒரே உயரம்தான். டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் பேத்தியை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.