வெயில் காணாத பேட்டரி

"…ஏலே, இது நம்ம பாட்டே இல்ல. வெறிநாய் வெரட்டுன கணக்கா ஓடுது!" என்றாள் சித்தி.

தங்கச்சியின் கல்யாண வரவேற்பில் எல்லோரும் ஆடட்டும் என்றுதான், அந்தப் பழைய டிஸ்கோ பாட்டை வேகப்படுத்திப் புதுத் தாளம் சேர்த்திருந்தேன். ஒருவரும் ஆட வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சித்திக்கோ நன்றாக ஆடத் தெரியும். கோணல் என் பாட்டில்தான்.

சின்ன வயதில் கொடைக்கானல் வீட்டில், தீர்ந்த பேட்டரிகளைத் தகரக் கூரைமேல் காயவைப்போம். மூடுபனியில் வெயில் ஏது? உயிர் ஏறாத பேட்டரியில் டேப் இதே பாட்டை இழுத்து இழுத்துப் பாடும். பாடுவது ஆண் என்றே நம்பியிருந்தோம். அந்த மெதுநடைக்குத்தான் சித்தி தோசைக்கரண்டியோடு ஆடுவாள்.

சித்தி சொன்னதும், ஓடிக்கொண்டிருந்த பாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். பாடகியின் குரல் தடித்தது. சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு, "வாங்க சம்பந்தி" என்று மாப்பிள்ளையின் அப்பாவை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போனாள்.